தடுத்தவர் பந்து பிடிக்க வந்தால்: கல்லூரி ஃபுட்பாலில் இடம் மாறும் வீரர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வசந்தகாலப் பயிற்சி தொடங்கும்போதெல்லாம் ஏதாவது ஓர் அணியிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடும்: தடுப்பாட்டத்தில் இருந்த ஒருவர் இனிமேல் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக ஆடப்போகிறார். உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அங்கே தேறவில்லை, அதனால் இங்கே தள்ளிவிட்டார்கள்" என்பது ஒரு கட்சி. "ஆள் நல்ல வேகம், பந்தைக் கையில் கொடுத்தால் போதும்" என்பது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் தவறு. மாறும்போது அந்த வீரரோடு எது கூடவே வருகிறது, எதை அவர் புதிதாகக் கற்க வேண்டும் என்று பார்த்தால் ஏன் தவறு என்பது தெரிந்துவிடும். இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்திராதவர்களுக்காக அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

## முதலில் களம்

இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். களத்தின் நீளம் 100 யார்டு. ஒவ்வொரு தரப்பிலும் 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 முயற்சிகள். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளிகள்.

பந்தை வைத்திருக்கும் தரப்பு அஃபென்ஸ், தடுக்கும் தரப்பு டிஃபென்ஸ். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஓர் அணியின் அஃபென்ஸில் ஆடும் 11 பேரும் டிஃபென்ஸில் ஆடும் 11 பேரும் வேறு வேறு ஆட்கள். பந்து கைமாறியதும் முழு 11 பேரும் வெளியே போய், இன்னொரு 11 பேர் உள்ளே வருவார்கள். எப்போதும் இப்படி இருக்கவில்லை. கல்லூரி ஆட்டத்தில் 1950-களில் ஆள் மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், ஒருவரே இரண்டு பக்கமும் ஆட வேண்டியிருந்தது. 1960-களின் நடுவில் அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமும் தனித் தொழிலாகிவிட்டது. தனிப் பயிற்சியாளர், தனி அறை, தனிப் பாடம். டிஃபென்ஸிலிருந்து அஃபென்ஸுக்கு மாறுகிறவர் கிட்டத்தட்ட வேறு வேலையில் சேர்கிற ஆள்.

இன்னும் நான்கு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிகிறவர். ரிசீவர் ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவர். கார்னர்பேக் ஓரத்தில் நின்று அந்த ரிசீவரை மறிக்கிறவர். சேஃப்டி எல்லோருக்கும் பின்னால், களத்தின் ஆழத்தில் நின்று, யாராவது தப்பித்து வந்தால் பிடிக்கிறவர். பந்து வைத்திருப்பவரை மடக்கித் தரையில் சாய்ப்பதுதான் டேக்கிள்.

இதுவரை: அஃபென்ஸும் டிஃபென்ஸும் தனித்தனிக் கூட்டம். டிஃபென்ஸிலிருந்து ரிசீவராக மாறுகிறவர்கள் பெரும்பாலும் கார்னர்பேக்காகவோ சேஃப்டியாகவோ இருந்தவர்கள்தான். ரிசீவரோடு ஓடியே பழகியவர்கள் அவர்கள்.

## ஒரே ஓட்டம், இரண்டு வேலை

தொலைக்காட்சியில் பார்த்தால் ரிசீவரும் கார்னர்பேக்கும் ஒன்றையே செய்வதுபோலத் தெரியும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறார்கள், இருவரும் குதிக்கிறார்கள், இருவரும் ஒரே பந்துக்குக் கை நீட்டுகிறார்கள். வித்தியாசம், யாருக்கு எது முன்கூட்டியே தெரியும் என்பதில் இருக்கிறது.

கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரர் ஒருவரை ஒருநாள் ரெய்டுக்கு அனுப்புகிறார்கள். எதிராளியின் கை எங்கிருந்து வரும், எந்த நொடியில் சங்கிலி சுருங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, ஏனென்றால் இத்தனை நாள் அவரே அதைச் செய்திருக்கிறார். ஆனால் ரெய்டருக்கு வேண்டிய மூச்சும் பாதவேலையும், தொட்டுவிட்டுத் திரும்பும் அந்தத் திருப்பமும் அவர் உடம்பில் இல்லை. தெரிந்த கண், தெரியாத கால். ஃபுட்பாலில் நடப்பதும் இதுதான்.

டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் உடம்பு பதில் சொல்லப் பழகிய உடம்பு. பின்னோக்கி ஓடிக்கொண்டே எதிரில் இருப்பவரின் இடுப்பைப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தானும் திரும்புவார். ரிசீவரின் உடம்பு முதலில் பேச வேண்டிய உடம்பு. எங்கே போகப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் கடைசி நொடிவரை அதை எதிராளிக்குக் காட்டக்கூடாது.

## எது கூடவே வருகிறது

முதலில் வருவது, எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் படிக்கும் அறிவு. தடுப்பில் இரண்டு அடிப்படை முறைகள் உண்டு. ஆளுக்கு ஆள் தடுப்பு என்றால், நீ எங்கே போனாலும் உன் பின்னாலேயே ஒருவர் வருவார். பகுதித் தடுப்பு என்றால், ஒவ்வொருவரும் களத்தில் ஒரு பகுதியைக் காவல் காப்பார்கள், அந்தப் பகுதிக்குள் யார் வந்தாலும் அவர்கள் பொறுப்பு. முதல் வகைக்கு எதிராக ரிசீவர் நிற்காமல் ஓட வேண்டும். இரண்டாவது வகைக்கு எதிராக, இரண்டு பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் போய் நிதானிக்க வேண்டும். எது எது என்று ஓடத் தொடங்கிய முதல் ஓரிரு நொடிகளில் கண்டுபிடித்தாக வேண்டும்.

ரிசீவராகவே வளர்ந்த இளைஞர்களில் பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். சேஃப்டியாக ஆடியவருக்கு இது பெரிய பாடம் இல்லை. ஆழத்தில் இரண்டு சேஃப்டிகள் பிரிந்து நின்றால் அவர்களுக்கு நடுவில் இடம் இருக்கும், ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் ஓரங்களில் இடம் இருக்கும். மாறி வந்தவர் இதைப் புத்தகத்தில் படித்ததில்லை, அந்த இடத்தில் நின்றே பார்த்திருக்கிறார். எதிரே நிற்கும் கார்னர்பேக்கின் கண் தன் மேல் இருக்கிறதா, குவார்ட்டர்பேக்கின் மேல் இருக்கிறதா என்பதை வைத்தே எந்த வகைத் தடுப்பு என்று ஊகித்துவிடுவார்.

அப்புறம் உடம்பில் மோதப் பயப்படாத பழக்கம். ரிசீவர் என்றால் பந்து பிடிப்பது மட்டும்தான் வேலை என்று நினைக்கிறோம். தன் அணியின் வேறொருவர் பந்தோடு ஓடும்போது, அவருக்கு வழி விட எதிராளியைத் தள்ளி மறிப்பதும் ரிசீவர் வேலைதான். அதைப் பிளாக் என்பார்கள். டேக்கிள் செய்தே வளர்ந்தவருக்கு இதில் தயக்கம் இருக்காது. பயிற்சியாளர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ரசிகர் கண்ணில் படவே படாது.

## எது வராது

நேரம். ஒரே சொல்லில் சொன்னால் அதுதான்.

ரிசீவர் ஓட வேண்டிய பாதையை ரூட் என்பார்கள். இத்தனை யார்டு நேராக ஓடு, இத்தனையாவது அடியில் வெட்டித் திரும்பு என்று அது முன்கூட்டியே வரையப்பட்டிருக்கும். 12 யார்டு என்றால் 12 யார்டு, 11 அல்ல. குவார்ட்டர்பேக் பல எறிதல்களில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். அவர் எறிவது ஆளைப் பார்த்து இல்லை, ஆள் வந்து சேர வேண்டிய இடத்தைப் பார்த்து. அந்த இடத்துக்கு ரிசீவர் அரை நொடி தாமதமாக வந்தால் பந்து எதிரணியின் கையில் போய் விழும். டிஃபென்ஸில் ஓர் அடி பிந்தினால் பின்னால் சேஃப்டி இருக்கிறார், சமாளித்துக்கொள்ளலாம். ரிசீவருக்கு அந்தச் சலுகை இல்லை.

வேகம் மட்டும் போதும் என்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். முழு வேகத்தில் ஓடுகிறவர் திடீரென்று வெட்டித் திரும்ப முடியாது. வேகத்தைக் குறைத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். குறைப்பது தெரியாமல் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் ரகசியம், அது கால்களில் ஏற வருடங்கள் ஆகும்.

பந்து பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பந்து பிடிக்கத் தெரியாத ரிசீவர்தான் கார்னர்பேக் ஆவார் என்று அமெரிக்காவில் பழைய கேலி ஒன்று உண்டு. கொஞ்சம் அநியாயமான கேலி. டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்குப் பந்தைத் தட்டிவிட்டாலே வெற்றி, பிடித்தால் போனஸ். அவர் கைகள் அப்படிப் பழகியவை. ரிசீவர் தட்டிவிட்டால் அது தோல்வி. பயிற்சியில் சரிசெய்யக்கூடிய விஷயம்தான், ஆனால் அந்தப் பயிற்சிக்கு நேரம் வேண்டும்.

இதுவரை: களத்தைப் படிக்கும் கண்ணும் மோதும் துணிச்சலும் கூடவே வருகின்றன. நேரம் தவறாமல் ரூட் ஓடுவதையும் பந்தைக் கையில் தங்க வைப்பதையும் புதிதாகக் கற்க வேண்டும்.

## மாற்றுவது ஏன், நேரம் எங்கே

பெரும்பாலான மாற்றங்களுக்குக் காரணம் வெறும் தலை எண்ணிக்கைதான். உயர்மட்டக் கல்லூரி ஃபுட்பாலில் நெடுங்காலம் ஓர் அணி 85 பேருக்குத்தான் கல்வி உதவித்தொகை தரலாம் என்று வரம்பு இருந்தது. அந்த 85-க்குள் எல்லா இடங்களையும் நிரப்ப வேண்டும். மூன்று ரிசீவர்களுக்கு ஒரே சமயத்தில் முட்டி போனால், வெளியிலிருந்து ஆள் எடுக்க நேரம் இருக்காது, கையில் இருப்பவர்களில் யாராவது ஒருவரைத் திருப்பி விடுவார்கள். அதனால் மாற்றம் என்றாலே தண்டனை என்று நினைக்க வேண்டியதில்லை. அணியில் ஓட்டை எங்கே என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கற்பதற்குக் கிடைக்கும் நேரமோ சொற்பம். சீசன் நடக்கும்போது மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சியில் இருக்கக்கூடாது என்பது விதி. வசந்தகாலத்தில் மொத்தமே 15 பயிற்சி நாட்கள். அந்தப் பதினைந்தில் முதல்நிலை ஆட்டக்காரர்கள் போக மிச்சமிருப்பதைத்தான் புதிதாக வந்தவர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் நான்கு சீசன் ஆடலாம், அதை ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் வெகுகாலம் இருந்த விதி. மூன்றாவது ஆண்டில் மாறுகிறவருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் மாறி வந்தவர் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் உதையாட்டக் குழுவில். பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கென்று தனியாக இறங்கும் குழு அது. டேக்கிள் செய்யத் தெரிந்த ரிசீவர் அங்கே தங்கம்.

## பிராண்டன் மார்ஷல்: போய்த் திரும்பியவர்

உண்மையான ஒருவரின் கதையில் வைத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும். எனக்குப் பிடித்த உதாரணம் பிராண்டன் மார்ஷல். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவில் இருக்கும் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு, சுருக்கமாக யூசிஎஃப், ரிசீவராகச் சேர்ந்தவர். ஆறடி நாலங்குலம், நூறு கிலோவுக்கு மேல்.

2004-இல் அந்த அணிக்கு விழுந்தது சாதாரண அடி இல்லை. ஜார்ஜ் ஓ'லியரி பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டு, 11 ஆட்டம், பதினொன்றிலும் தோல்வி. பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட, மார்ஷலை எடுத்து சேஃப்டியாக நிறுத்தினார்கள். அவரும் முணுமுணுக்காமல் நின்று, அந்த ஆண்டு அணியில் அதிக டேக்கிள் செய்தவர்களில் முன்னணியில் இருந்தார். ஒரு ரிசீவருக்கு இது விசித்திரமான பெருமை.

2005-இல் மறுபடி ரிசீவர். 74 முறை பந்து பிடித்தார், 1,195 யார்டு, 11 டச்டவுன். எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணி அந்த ஆண்டு 8 வெற்றி, 5 தோல்வி. பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதல்முறையாக பௌல் ஆட்டத்துக்குப் போனது. பௌல் என்பது சீசன் முடிந்தபின் நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் சிறப்பு ஆட்டம். ஹவாயில் நெவாடாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் மார்ஷல் மட்டும் 11 பிடிப்பு, 210 யார்டு, 3 டச்டவுன். அப்படியும் கூடுதல் நேரத்தில் 49-48 என்று ஒரு புள்ளியில் யூசிஎஃப் தோற்றது. டச்டவுனுக்குப் பிறகு கூடுதலாக ஒரு புள்ளி தரும் கடைசி உதையைத் தவறவிட்டவர் மேட் பிரேட்டர்.

2006 டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டென்வர் அணி மார்ஷலை 119-ஆவது ஆளாக எடுத்தது. முதல் ஆண்டு வெறும் 20 பிடிப்பு. அடுத்த ஆண்டு 102. 2009 டிசம்பரில் இண்டியானாபோலிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 21 பிடிப்பு, அது தொழில்முறை லீக்கின் சாதனை. ஓய்வு பெறும்போது மொத்தம் 970 பிடிப்பு, 12,351 யார்டு, 83 டச்டவுன். நான்கு வெவ்வேறு அணிகளுக்காக 1,000 யார்டு தாண்டிய முதல் வீரரும் இவர்தான். இத்தனைக்கும் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட, அதாவது சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டத்தில்கூட, அவர் களமிறங்கியதில்லை.

சேஃப்டியாக நின்றதால்தான் இவ்வளவு சாதித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அவர் ரிசீவராகத்தான் தொடங்கினார். ரூட் ஓடும் அடித்தளம் முன்பே இருந்தது, கைகள் முன்பே பழகியிருந்தன. தடுப்பில் கழித்த மாதங்கள் அதன்மேல் கூடுதலாகக் கிடைத்தவை.

## டெவின் ஹெஸ்டர்: மின்னல் போதவில்லை

அதே 2006 டிராஃப்டில், மார்ஷலுக்கு மிக முன்னால், 57-ஆவது ஆளாக சிகாகோ எடுத்தது டெவின் ஹெஸ்டரை. மயாமி பல்கலைக்கழகத்தில் அஃபென்ஸ், டிஃபென்ஸ், உதையாட்டம் மூன்றிலும் ஆடியவர். தொழில்முறைக்கு வந்தது கார்னர்பேக்காக. உதைத்து வரும் பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதில் அவருக்கு நிகர் இல்லை. 2007 பிப்ரவரியில், தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் முதல் உதையையே 92 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார்.

இந்த வேகத்தை வீணாக்கலாமா என்று 2007-இல் சிகாகோ அவரை ரிசீவராக மாற்றியது. இரண்டாவது கட்சி ரசிகர்களின் கனவு நிறைவேறிய நேரம். கிடைத்தது என்ன? அவருடைய ஆகச்சிறந்த ரிசீவர் சீசன் 2009-இல், 57 பிடிப்பு, 757 யார்டு. மோசமில்லை, நடுத்தரம். 1,000 யார்டை அவர் தொடவே இல்லை.

2012-இல் மார்ஷல் சிகாகோவுக்கு வந்தார். டிஃபென்ஸைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர், ஒரே அணியில், ஒரே வேலையில். அந்த ஆண்டு மார்ஷலுக்கு 118 பிடிப்பு, ஹெஸ்டருக்கு 23. அடுத்த ஆண்டு ஹெஸ்டரை ரிசீவர் வேலையிலிருந்தே விடுவித்து, பந்தைத் திருப்பி ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வேலைக்காகவே 2024-இல் புகழரங்கில் இடம் பிடித்தார். ஹெஸ்டர் தோற்றவர் இல்லை. உதைத்து வரும் பந்தை எடுத்துத் திறந்த வெளியில் ஓடுவதும், 12-ஆவது யார்டில் நொடி தவறாமல் திரும்புவதும் வேறு வேறு கலைகள், அவ்வளவுதான்.

தடுப்பிலிருந்து வந்து உச்சம் தொட்டவர்களும் உண்டு. ஆர்கன்சாவில் ஹெண்டர்சன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து 1979-இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு சேஃப்டியாக வந்த ராய் கிரீன், 1981-இல் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கி, பிறகு முழு ரிசீவர் ஆனார். 1984-இல் 1,555 யார்டோடு லீக்கிலேயே முதலிடம். எதிர்த்திசையில் போனவர் ரிச்சர்ட் ஷெர்மன். ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து கார்னர்பேக்காக மாறி, 2011 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில் போய், தன் தலைமுறையின் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவரானார்.

இதுவரை: மாற்றம் என்ற ஒரே பெயரில் நடப்பவை ஒன்றல்ல. பழைய இடத்துக்கே திரும்புவது வேறு, புதிதாகக் கற்பது வேறு. வேகம் கதவைத் திறந்துவிடும், உள்ளே தங்க வைப்பது நேரம்.

## எண்களைப் படிக்கும்போது

மாறி வந்த வீரரின் முதல் சீசனில் பிடிப்பு எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தால் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ரிசீவர் வரிசையில் நான்காவது, ஐந்தாவது ஆளை நோக்கிப் பந்து வருவதே அபூர்வம். அவரை எத்தனை முறை களத்தில் இறக்கினார்கள், அது சீசன் போகப்போகக் கூடியதா என்று பாருங்கள். முக்கியமான முயற்சியில், மூன்றாவது முயற்சியில் 8 யார்டு வேண்டும் என்ற நிலையில், பயிற்சியாளர் அவரை உள்ளே விடுகிறார் என்றால் ரூட் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். மார்ஷலின் தொழில்முறை முதல் ஆண்டின் 20 பிடிப்பை வைத்து யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் அடுத்த ஆண்டே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

## மாறாமல் இரண்டையும் ஆடுகிறவர்

இப்போது டிராவிஸ் ஹன்டரைப் பற்றிக் கேட்பீர்கள். ஜாக்சன் ஸ்டேட்டிலும் பிறகு கொலராடோவிலும் அவர் கார்னர்பேக்காகவும் ரிசீவராகவும் ஒரே ஆட்டத்தில் ஆடினார், 100 ஆட்டத்துணுக்குகளுக்கு மேல் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு துணுக்கு) களத்திலேயே நிற்பது அவருக்குச் சாதாரணம். 2024-இல் 96 பிடிப்பு, 1,258 யார்டு, 15 டச்டவுன், அதோடு எதிரணிப் பந்தை 4 முறை பறித்தார். கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் அவருக்கே. 2025 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஜாக்சன்வில் எடுத்தது.

அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ், தானே புகழ்பெற்ற கார்னர்பேக். 1996-இல் டாலஸ் அணிக்காக ரிசீவராகவும் ஆடி 36 பந்து பிடித்தவர். இரண்டு அறைகளுக்கும் பயிற்சி நேரத்தைப் பங்கிட அப்படி ஒருவர் தலைமையில் இருந்தது ஹன்டரின் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பெரும்பாலான கல்லூரிகளில் ரிசீவர் பயிற்சியாளரும் தடுப்புப் பயிற்சியாளரும் ஒரே பையனின் 20 மணி நேரத்துக்காகச் சண்டை போடுவார்கள், கடைசியில் யாராவது ஒருவர்தான் ஜெயிப்பார்.